கண் பழகினால் கை ஓடும்

மூன்று நிமிட ஆட்டத்தில் மின்னும் கிராண்ட்மாஸ்டர்களிடமிருந்து நம் பிள்ளைகள் எதை எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டி நடக்கிற எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அடுத்த ரவுண்டில் யாருக்கு யார் என்ற பட்டியலை ஒட்ட இன்னும் அரை மணி நேரம் இருக்கும். வராந்தாவில், தூண் ஓரமாக, சுருட்டி எடுத்துவந்த வினைல் போர்டைத் தரையில் விரித்து இரண்டு பையன்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் டிஜிட்டல் கடிகாரம். டக், டக், டக். காய் கட்டத்தில் சரியாக உட்காரும் முன்பே கை கடிகாரத்துக்குப் போய்விடும். சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் அம்மா, “ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஆடுடா” என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்.

ராணி ஒன்று போகும். “ஓ!” என்று ஒரு சத்தம். தோற்றவன் ஒரு விநாடிகூட யோசிக்காமல், “இன்னொரு கேம்” என்பான். இரண்டு கைகளும் காய்களை வழித்து மறுபடி அடுக்கும். இருபது நிமிடத்தில் நான்கு ஆட்டம் முடிந்துவிடும். அந்த நான்கில் ஒன்றையாவது யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் பார்த்து வளர்கிற நாயகர்கள் அப்படித்தானே ஆடுகிறார்கள்? 2025 பிப்ரவரி 2-ம் தேதி, நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ கடலோர ஊரில் நடந்த டாட்டா ஸ்டீல் போட்டியின் கடைசி நாள். சென்னைப் பிள்ளைகள் இருவர், உலக சாம்பியன் குகேஷும் பிரக்ஞானந்தாவும், தலா எட்டரைப் புள்ளியுடன் முதலிடத்தில் சமமாக நின்றார்கள். பல நாள் நிதானமாக ஆடிய பட்டத்துக்கு, ஒரு சில நிமிட பிளிட்ஸ் ஆட்டங்கள்தான் தீர்ப்பு எழுதின. செல்போனில் அதை நேரலையாகப் பார்த்த பிள்ளை மறுநாள் தரையில் போர்டை விரித்து கடிகாரத்தைத் தட்டுவதில் என்ன ஆச்சரியம்?

ஆனால், பிள்ளையின் கண்ணில் படுவது கை மட்டும்தான். அந்தக் கைக்குப் பின்னால் இருப்பது படுவதில்லை. அதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

ஐந்து விநாடிக்குள் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஒருவருக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 2 விநாடி. ஆட்டம் 60 நகர்வு நீண்டால் மொத்தம் 300 விநாடி. அதாவது நகர்வுக்கு ஐந்து விநாடி. உலக சாம்பியன் பட்டத்துக்கான கிளாசிக்கல் ஆட்டத்திலோ முதல் 40 நகர்வுக்கு இரண்டு மணி நேரம். நகர்வுக்கு மூன்று நிமிடம். முப்பத்தாறு மடங்கு வித்தியாசம். ஆனாலும் பிளிட்ஸில் மாக்னஸ் கார்ல்சனோ ஹிகாரு நகமுராவோ ஆடுகிற நகர்வுகளில் பெரும்பாலானவை நல்ல நகர்வுகளாகவே இருக்கின்றன. எப்படி?

இதற்கான பதிலை ஐம்பது வருடங்களுக்கு முன்பே ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். 1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றிலிருந்து எடுத்த நிலையை ஐந்து விநாடி மட்டும் காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார். புதிதாக ஆடக் கற்றவர் வைத்தது நான்கைந்து. பிறகு, அதே காய்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் கன்னாபின்னாவென்று போர்டில் இறைத்து அதே சோதனையைச் செய்தார்கள். இப்போது தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது!

அப்படியென்றால் தேர்ந்தவருக்கு இருப்பது அபார ஞாபகசக்தி இல்லை. நாம் ‘பள்ளிக்கூடம்’ என்ற சொல்லை எழுத்துக் கூட்டியா படிக்கிறோம்? ஒரே பார்வையில் முழுச்சொல்லும் கண்ணில் விழுகிறது. அதுபோல, கோட்டை கட்டிய ராஜா, அவருக்கு முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் ஒரு குதிரை என்ற கூட்டம் தேர்ந்தவருக்கு ஒரே சொல். ஆயிரக்கணக்கான ஆட்டங்களை மெதுவாக, உட்கார்ந்து, அலசிப் பார்த்ததால் சேர்ந்த சொற்கள் அவை. ஐந்து விநாடியில் அவர் கண்டுபிடிப்பதில்லை, அடையாளம் கண்டுகொள்கிறார்.

முதல் பாடம் இதுதான். வேகத்தைத் தனியாகப் பயிற்சி செய்து வாங்க முடியாது. நிதானமாகச் சேர்த்தது வேகமாகச் செலவாகிறது. கணக்கில் பணம் போடாமல் ஏ.டி.எம். கார்டை எத்தனை முறை செருகினால்தான் என்ன?

மின்னல் பையன் விழுந்த இடம்

சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் ஒரு செஸ் கிளப் இருந்தது. லாட்விய மேதை மிகைல் தால் பெயரில் இயங்கிய ‘தால் செஸ் கிளப்’. அங்கே பிளிட்ஸ் ஆடும்போது ஒரு வழக்கம்: ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசைக்குப் போக வேண்டும். அந்த நாற்காலிக்காகக் காத்து நின்ற சிறுவர்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். எழுந்து போகாமல் இருக்க வேண்டுமென்றால் வேகமாகவும் ஆட வேண்டும், சரியாகவும் ஆட வேண்டும். பின்னாளில் உலகம் ‘மின்னல் பையன்’ என்று அழைத்த வேகத்துக்கு அந்த நாற்காலியும் ஒரு பள்ளிக்கூடம்.

இந்தக் கதையை நம் பிள்ளைகளுக்கு நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். அடுத்த கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1988, சுவிட்சர்லாந்தின் பீல் நகரம். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான ஆனந்த், கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவுடன் கறுப்புக் காய்களில் ஆடுகிறார். முன்பு வேறு இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய ஓர் ஆட்டத்தில் வந்த நகர்வு ஒன்று அவருக்கு நினைவிருந்தது. ஐந்தாவது நகர்வாக அதை ஆடினார். சபாட்டா தன் ராணியை, ராஜாவுக்கு முன்னால் ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். கறுப்புக் குதிரை நடுவில் மாட்டிக்கொண்டது. காப்பாற்ற வழியில்லை. ஆறே நகர்வில் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பெரிய ஆட்டக்காரர்கள் ஆடினார்களே, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய நகர்வு அது. அதே ஆனந்த் அதற்குப் பிறகு ஐந்து முறை உலக சாம்பியன் ஆனார். 2017 டிசம்பரில் ரியாத்தில், 48 வயதில், தன் பிள்ளை வயது ஆட்டக்காரர்களையெல்லாம் தாண்டி பிளிட்ஸைவிடச் சற்று நீண்ட வேக ஆட்டமான ராபிட்டில் உலக சாம்பியன் பட்டத்தையும் வென்றார். பீலில் விழுந்த இடத்திலேயே அவர் நின்றுவிடவில்லை.

ஓப்பனிங்கை மனப்பாடம் செய்து பட்பட்டென்று முதல் பத்து நகர்வைத் தட்டும் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தக் குதிரை ஏன் இங்கே வந்தது?” பதில் வந்தால் அது அவன் சொத்து. வராவிட்டால் அது இரவல் நகை. எந்த நேரமும் திருப்பிக் கேட்பார்கள்.

விநாடிகள் குறையும்போது கைகொடுப்பது

பிளிட்ஸ் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள். இரண்டு பேரிடமும் ஏழெட்டு விநாடிதான் இருக்கும். போர்டில் ஆளுக்கொரு யானை, எதிராளியிடம் கூடுதலாக ஒரு சிப்பாய். கிராண்ட்மாஸ்டர் அலட்டிக்கொள்ளாமல் யானையை ஒரு வரிசையில் நிறுத்தி, இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டிருப்பார். ஆட்டம் டிராவில் முடியும்.

அது 18-ம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த பிலிடோர் பெயரால் வழங்கும் தற்காப்பு. செய்முறை இதுதான்: உங்கள் ராஜா, எதிராளியின் சிப்பாய் ராணியாகப் போகும் கட்டத்தில் நிற்கட்டும். உங்கள் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வரிசையில் யானையை நிறுத்துங்கள். எதிராளியின் ராஜா அந்த வரிசையைத் தாண்டி உள்ளே வர முடியாது. வேறு வழியின்றி அவர் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளுவார். தள்ளிய அடுத்த நொடி உங்கள் யானை போர்டின் மறுமுனைக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து செக், செக், செக். ஒளிந்துகொள்ள அவர் ராஜாவுக்கு இனி சிப்பாயின் நிழல் இல்லை.

படித்து, நாலு முறை அடுக்கிப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். தெரிந்த பிள்ளைக்கு இரண்டு விநாடி வேலை. தெரியாத பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தாலும் சிரமம். எண்ட்கேம் பாடத்தைச் சலிப்பென்று தள்ளிவைக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடிகாரமும் ஒரு காய்

வேக ஆட்டக்காரர்கள் எல்லா நகர்வையும் வேகமாக ஆடுகிறார்கள் என்று நினைப்பது தவறு. உற்றுப் பார்த்தால், ஐந்தாறு நகர்வுகளை ஒவ்வொரு விநாடியில் முடித்துவிட்டு, ஒரு நகர்வுக்கு மட்டும் இருபது, முப்பது விநாடி அமர்ந்திருப்பார்கள். காய் வெட்டுப்பட இருக்கும் இடம், ராஜாவின் வாசல் திறக்கும் இடம், எண்ட்கேமுக்குள் இறங்கலாமா என்று முடிவெடுக்கும் இடம்: இவைதான் செலவழிக்க வேண்டிய இடங்கள். மற்ற இடங்களில், மிகச் சிறந்த நகர்வைத் தேடித் தவிக்காமல், கெடுதல் இல்லாத நல்ல நகர்வை ஆடிவிட்டு நகர்கிறார்கள்.

நம் பிள்ளைகள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒன்றரை மணி நேர ஆட்டத்தில், ஒன்றும் நடக்காத இடத்தில் கால் மணி நேரம் யோசித்துவிட்டு, ஆட்டம் தீர்மானமாகும் இடத்தில் டைம் ட்ரபுளில் கை நடுங்க ஆடுகிறார்கள். எங்கே நிற்க வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று உணர்வதற்கு பிளிட்ஸ் நல்ல வாத்தியார்.

நின்று பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2016 நவம்பர் 30-ம் தேதி சாட்சி. நியூயார்க்கில் உலக சாம்பியன் பட்டத்துக்கான டை-பிரேக், அதாவது சமநிலையை முறிக்கும் ஆட்டங்கள். நான்காவது ராபிட் ஆட்டம். கார்ல்சனுக்கு அன்று 26-வது பிறந்தநாள். எதிரே செர்கெய் கார்யாகின். 50-வது நகர்வில் கார்ல்சன் தன் ராணியை எடுத்து, எதிராளி ராஜாவின் மூக்குக்கு முன்னால் வைத்தார், செக்! ராஜா ராணியை வெட்டினால் ஒரு யானை வந்து மேட். சிப்பாய் வெட்டினால் இன்னொரு யானை வந்து மேட். கார்யாகின் கை கொடுத்துவிட்டார். ‘செக் கொடுக்கும் நகர்வுகள் அத்தனையையும் முதலில் பார், ராணியை இழக்கும் நகர்வாக இருந்தாலும் பார்’ என்று கோச்கள் தொண்டை வறளச் சொல்கிறார்களே, அந்தப் பாடத்தின் முழு உருவம் அந்த ஒரு நகர்வு.

தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே

அதே நாளின் இரண்டாவது ஆட்டத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். கார்ல்சனிடம் இரண்டு பிஷப்புகள், கார்யாகினிடம் யானை. வெற்றி கார்ல்சன் பக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கார்யாகினின் கடிகாரத்திலோ விநாடிகள். ஆனாலும் மனிதர் கைவிடவில்லை. நகர்வுக்கு நகர்வு தாக்குப்பிடித்து, 84-வது நகர்வில் நகர இடமில்லாத ஸ்டேல்மேட்டுக்குள் புகுந்து டிரா வாங்கிவிட்டார். பட்டம் கிடைக்கவில்லை, ஆனால், தற்காப்பு என்றால் என்ன என்று அந்த ஆட்டம் இன்றும் சொல்லிக்கொடுக்கிறது.

இப்போது வைக் ஆன் ஜீக்குத் திரும்புவோம். அன்று பகலில் கடைசி ரவுண்டில் குகேஷ் அர்ஜுன் எரிகைசியிடம் தோற்றிருந்தார். பிரக்ஞானந்தா பல மணி நேரம் போராடி வின்சென்ட் கெய்மரிடம் தோற்றிருந்தார். அந்தக் களைப்போடு பிளிட்ஸுக்கு உட்கார்ந்தார்கள். முதல் பிளிட்ஸ் ஆட்டத்திலும் பிரக்ஞானந்தாவுக்குத் தோல்வி. ஒரே நாளில் இரண்டு. அடுத்த ஆட்டத்துக்கு இடையே கிடைத்தது சில நிமிடங்கள். 19 வயதுப் பையன் அந்தச் சில நிமிடத்தில் தன் மனதைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து இரண்டாவது ஆட்டத்தை வென்றார், மூன்றாவதையும் வென்றார், கோப்பை அவருடையது.

ஒரு ரவுண்டில் தோற்றதும் அழுது, அடுத்த ரவுண்டையும் அந்த அழுகையிலேயே தோற்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அறிவுரையைவிட இந்த மூன்று ஆட்டங்களைப் போட்டுக்காட்டுவது நல்லது. தோல்வியை மறக்கச் சொல்லவில்லை. இரவு வரை ஒத்திவைக்கச் சொல்கிறேன்.

கடிகாரம் நின்ற பிறகு

1970 ஏப்ரல். அன்றைய யுகோஸ்லாவியாவின் ஹெர்செக் நோவி. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பலர் உட்பட பன்னிரண்டு பேர் ஆடிய ஐந்து நிமிட பிளிட்ஸ் போட்டி. தால், பெட்ரோசியன், ஸ்மிஸ்லோவ் என்று முன்னாள் உலக சாம்பியன்களே மூவர். பாபி ஃபிஷர் 22 ஆட்டத்தில் 19 புள்ளி எடுத்தார். இரண்டாம் இடம் பிடித்த தால் எடுத்தது பதினாலரை. பார்த்தவர்களை அதைவிட அசத்தியது, போட்டி முடிந்ததும் நடந்தது. ஃபிஷர் தன் 22 ஆட்டங்களின் நகர்வுகளையும் நினைவிலிருந்து வரிசையாகச் சொன்னார்.

ஐந்து நிமிட ஆட்டத்தை நாம் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுகிறோம். அவருக்கு அது மறக்கக்கூடிய ஒன்றாக இருக்கவில்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணம் இருந்ததால் நினைவில் நின்றது.

இந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பிளிட்ஸ் ஆட முடியும் என்று காட்டியவர் டேனியல் நாரோடிட்ஸ்கி. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர். தன்னைவிட மிகக் குறைந்த ரேட்டிங் உள்ளவர்களோடு இணையத்தில் ஆடிக்கொண்டே, “இந்தக் காயை ஏன் இங்கே வைக்கிறேன், அவர் என்ன செய்யப் பார்க்கிறார்” என்று ஒவ்வொன்றையும் விளக்குவார். ஆட்டம் முடிந்ததும் ஓடிவிட மாட்டார். முதல் நகர்வுக்குத் திரும்பிப்போய், எங்கே யார் தவறினார்கள் என்று பொறுமையாகப் பிரித்துக் காட்டுவார். உலகின் மிக வேகமான கைகளில் ஒன்று, மிகப் பொறுமையான வாத்தியாரின் கையாகவும் இருந்தது. 2025 அக்டோபரில், 29 வயதில் அவர் மறைந்தபோது, அவரை நேரில் பார்த்தே இராத பிள்ளைகள் உலகம் முழுவதும் கலங்கினார்கள். அந்தக் காணொளிகள் இன்றும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

உப்பு அளவோடு

பிளிட்ஸ் ஆடாவிட்டால் பெரிய ஆளாக முடியாதா? முடியும். கண்ணெதிரே குகேஷ் இருக்கிறார். அவர் ஏறி வந்தது கிளாசிக்கல் ஆட்டத்தின் வழியே. அவருடைய பயிற்சியாளர் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப வருடங்களில் கம்ப்யூட்டர் எஞ்சினைக்கூடத் தொடவிடாமல், சொந்த மூளையால் கணக்குப் போட வைத்தார். 2024 டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில், உலக சாம்பியன் பட்டத்துக்காக டிங் லிரனுடன் 14-வது ஆட்டம். டிரா ஆகியிருந்தால் மறுநாள் ராபிட் டை-பிரேக். அதில் டிங்குக்கே வாய்ப்பு அதிகம் என்று பலரும் கணித்தார்கள். குகேஷ் அவசரப்படவில்லை, சலிக்கவும் இல்லை. 55-வது நகர்வில் டிங் தவறினார். 18 வயதில் உலக சாம்பியன்.

கதை அங்கே முடியவில்லை. 2025 ஜூலையில் குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் நடந்த கிராண்ட் செஸ் டூர் போட்டியில், அதே குகேஷ் ராபிட் பகுதியில் 18-க்கு 14 புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தார், கார்ல்சனையும் வென்றார். நிதானம் முதலில் வந்தது; வேகம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. இந்த வரிசை மாறினால்தான் ஆபத்து.

ஆகவே, என் சிபாரிசு இதுதான். சாப்பாட்டில் உப்பு எவ்வளவோ, பயிற்சியில் பிளிட்ஸ் அவ்வளவு. ஒரு நிமிட புல்லட் ஆட்டம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அங்கே விரல் வேகம் ஜெயிக்கும், யோசனை தோற்கும். ஐந்து நிமிடமும் அதற்கு மேலும் உள்ள ஆட்டங்கள் போதும். விநாடி கூடுகிற முறையில் ஆடட்டும்; ஜெயிக்கிற நிலையை ஜெயித்து முடிக்க அது கற்றுத்தரும். தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு போர்டை மூடிவிட வேண்டும். மூன்றாவது ஆட்டத்தை மூளை ஆடாது, கோபம்தான் ஆடும். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்பது சட்டம். முதலில் காய், பிறகு கடிகாரம் என்பதைத் தரையில் ஆடும்போதும் விடக் கூடாது. வாரத்தில் பெரும்பாலான நேரம், காயைத் தொடாமல் கண்ணாலேயே கணக்குப் போடும் பயிற்சிக்குப் போகட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். “எத்தனை ஆட்டம் ஜெயிச்ச?” என்று கேட்பதை நிறுத்துங்கள். செஸ் தெரியாத அம்மாவும் அப்பாவும்கூட வைக்கக்கூடிய ஒரு பரீட்சை இருக்கிறது. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் போர்டை எடுத்து விரியுங்கள். “சாயங்காலம் கடைசியா ஒரு பிளிட்ஸ் ஆடினியே, அதை முதல்லேருந்து வெச்சுக் காட்டு, பார்ப்போம்” என்று சொல்லுங்கள். முதல் நாள் ஏழு நகர்வில் தடுமாறி நிற்கும். பரவாயில்லை. அடுத்த வாரம் பன்னிரண்டு ஆகும். என்றைக்காவது ஒருநாள், பாதி வழியில் கை தானாக நின்று, “அம்மா, இங்கதான் தப்பு பண்ணியிருக்கேன்” என்று பிள்ளை சொல்லும்.

அன்றைக்கு அவசரப்படுத்தாதீர்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அந்தப் போர்டுக்குப் பக்கத்தில் கடிகாரம் தேவையில்லை.